என்ன தண்ணி ஊத்துற?

காரைக்குடிப் பக்கமிருந்து சென்னைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். திருச்சிக்கு அப்பால் பாடாலூரைத் தாண்டி, சிறுவாச்சூரை நெருங்கிய நேரம். போன வருடம் மே மாதம், கத்திரி வெயில், மணி பன்னிரண்டரை. பின்சீட்டில் அத்தையும் என் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. காற்றில் திடீரென்று குளிர்ச்சி குறைந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கிற வெப்ப முள் முக்கால் பங்கைத் தாண்டி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது.

ஏ.சி.யை நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் திறந்துவிட்டேன். கத்திரி வெயிலில் காருக்குள் அனல் அடித்ததும் அத்தை பதறிப்போய் எழுந்துவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதுதான். டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிற ஹீட்டரும், தண்ணீரின் சூட்டைக் காற்றில் ஆற்றுகிற ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றி வருகிற தண்ணீர் அதன் வழியாகவும் ஓடுகிறது. அதைத் திறந்துவிட்டால் இன்ஜினுடைய சூட்டில் ஒரு பங்கு நம் மேல் இறங்கும், அதற்கு அந்த அளவுக்குப் பாரம் குறையும். நாம் கொஞ்சம் வேர்க்கலாம், இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளையக் கூடாது.

வேகத்தைக் குறைத்து ஒரு வேப்பமர நிழலில் ஒதுக்கினேன். ஆவி எதுவும் அடிக்கவில்லை, ரேடியேட்டர் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இன்ஜினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். ஆவி அடித்திருந்தால் அந்த நொடியே அணைத்திருப்பேன். தண்ணீர் இருக்கும்போது சட்டென்று அணைத்தால், அதன் ஓட்டம் நின்று ஹெட்டைச் சுற்றியுள்ள சூடு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிவிடும். அணைத்த பிறகு பானெட்டைத் தூக்கினேன். பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சோற்றுப்பானை கொதிக்கிற மாதிரி களக் களக் என்று சத்தம்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்கு 34 வருடம் கார் ஓட்டியவர். நான் சொல்லி முடிப்பதற்குள், "மூடியத் தொடாத தாயி, ஆறட்டும்" என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "ஆமா, அதுக்கு என்ன தண்ணி ஊத்துற?" என்று கேட்டார்.

"வீட்டுத் தண்ணிதான்ப்பா."

மறுமுனையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. "சரி, பாத்து வா" என்று வைத்துவிட்டார். அந்தக் கேள்வியை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை நாலு மாதமும் பத்தாயிரத்துச் சொச்ச ரூபாயும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூடியைத் தொடாதே என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கிறது. குக்கரில் வெயிட் போட்ட மாதிரி. மூடியில் 1.1 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றைவிட 1.1 பார் அதிகமான அழுத்தம் வரும்வரை அது பிடித்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் போய்விடும், உள்ளே 110 டிகிரியில் அமைதியாக நிற்கிற தண்ணீர் அந்தக் கணமே கொதித்து ஆவியாக முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இல்லாமல் கை அழுத்தத்துக்கு அமுங்கியது. ஈரத்துணியைப் போட்டு மெல்லத் திறந்தேன். ஒரு லிட்டருக்கு மேலேயே குறைந்திருந்தது. கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டில்களை ஊற்றினேன்.

அங்கிருந்து சென்னை வரை ஏ.சி. இல்லாமல் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினேன். முள் நடுவிலேயே நின்றது. என் கணவர் வேலை பார்க்கிற இடத்துக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம்.

இப்போது நினைத்துப் பார்த்தால் வண்டி தன் நோயை அன்றைக்கே சொல்லிவிட்டது. 95ல், ஏ.சி.யோடு, 130 கிலோமீட்டர் ஓடிய பிறகு சூடேறியது. 70ல், ஏ.சி. இல்லாமல், மீதிப் பாதை முழுக்க ஏறவில்லை. காரைக்குடி டவுனுக்குள் எத்தனை நெரிசலில் நின்றாலும் ஒரு நாளும் ஏறியதில்லை. வண்டி ஹீட் ஆகிறது என்று மட்டும் போய்ச் சொன்னால் பத்து காரணம் வரும். எப்போது ஆகிறது என்று சொன்னால் இரண்டு மூன்றுதான் மிஞ்சும்.

ஆனால் நான் முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் எப்போது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபேன் மோட்டார் வீக் என்றார்கள். மாற்றினோம், 3,800 ரூபாய். ஃபேன் எதற்கு இருக்கிறது என்று யோசித்திருந்தாலே போதும். வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் அதற்கு வேலை. 95ல் போகிற காருக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபேன் கெட்டிருந்தால் கல்லுக்கட்டிப் பக்கம் கடைத்தெரு நெரிசலில்தான் கொதித்திருக்கும், நாலுவழிச் சாலையில் ஆறியிருக்கும். எனக்கு நடந்தது அதற்கு நேர் எதிர்.

ஜூன் மாதம் மதுரைக்குப் போய்த் திரும்பும்போது மறுபடி முள் ஏறியது. இரண்டாவது ஒர்க்‌ஷாப். "தெர்மோஸ்டாட் நம்ம ஊருக்குத் தேவையே இல்ல மேடம்" என்று அதைக் கழற்றிவிட்டு ஹோஸை மாட்டிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பாதி வண்டிகளில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடுகிற கதவுதான் தெர்மோஸ்டாட். இன்ஜின் சீக்கிரம் தன் வெப்பத்துக்கு வரவும், வந்த பிறகு அதே வெப்பத்தில் நிற்கவும்தான் அந்தக் கதவு. அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். எனக்கு 16 கொடுத்த மைலேஜ் 14க்கு இறங்கியது. இன்னொன்றும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றுகிற குறுக்குவழியை அதுவே மூடும். அதைக் கழற்றி எறிந்தால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பத் திரும்ப இன்ஜினுக்குள் போகும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஒரு பொருளைக் குற்றவாளி என்று சொன்னால் சோதித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அன்று இரவு பழைய ஈயம் பூசிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடி தொடாமல் தொங்கவிட்டு, ஆய்வகத்து வெப்பமானியையும் செருகி அடுப்பைப் பற்ற வைத்தேன். மேலே 82 என்று பொறித்திருந்தது. 70, 75, அசைவே இல்லை. 80ல் ஒரு குமிழி விளிம்பிலிருந்து கிளம்பியது. 83ல் பித்தளைத் தட்டு ஒரு மயிரிழை விலகியது. உள்ளே இருக்கிற மெழுகு இளகிப் பெருத்து அந்தக் கம்பியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. 94க்கு வரும்போது சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு முழுதாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். அதே ஒழுங்கோடு மெல்ல மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்று பார்த்த என் மகள், "அம்மா, இது நல்லாத்தானே இருக்கு?" என்றாள். நல்லாத்தான் இருந்தது.

மூன்றாவது இடத்தில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும், 25,000 ஆகும் என்றார்கள். ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடுதான் அந்த கேஸ்கட். அங்கேதான் நின்றேன். இனிமேல் அளக்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகுகிற புளூடூத் கருவி ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. போனில் இன்ஜின் தண்ணீரின் வெப்பம் எண்ணாகவே தெரியும். மீட்டர் முள்ளை நம்பிப் பயனில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று, இப்போதைய கார்களில் பெரும்பாலும் 80 டிகிரியிலிருந்து 105 வரை முள் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள். முள் அசைந்துவிட்டது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம்.

புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்கும் அங்கிருந்து திரும்பவும் ஓட்டினேன். என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினான். டவுனுக்குள் 90லிருந்து 96 டிகிரி, ஃபேன் ஓடினால் இறங்குகிறது. 70 வேகத்தில், ஏ.சி. இல்லாமல் 92. ஏ.சி. போட்டதும் 97. 95 வேகத்தில் 101, 104, 106. திருமயம் கோட்டை கண்ணில் படும்போது 108. வேகத்தைக் குறைத்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் 97க்கு வந்துவிட்டது.

அந்த ஒரு பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தியோ வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 70ல் போவதற்கும் 95ல் போவதற்கும் காற்றுக்கு மட்டுமே இரண்டரை மடங்கு வித்தியாசம். அதன் மேல் ஏ.சி. கம்ப்ரஸரின் பாரம், போதாததற்கு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏ.சி. கண்டன்ஸர் தன் சூட்டையும் அதே காற்றில் கலந்து பின்னால் தள்ளும். என் வண்டி குறைந்த சூட்டை ஆற்றிவிடுகிறது, அதிகச் சூட்டைத்தான் ஆற்ற முடியவில்லை. அப்படியென்றால் ஆற்றுகிற இடம் சுருங்கிவிட்டது. ஒன்று ரேடியேட்டருக்கு வெளியே காற்று போகவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் போகவில்லை. வாட்டர் பம்ப்பின் இறக்கை தேய்ந்திருந்தாலும், உறிஞ்சுகிற பக்கத்துக் கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொண்டாலும் இதே மாதிரிதான் காட்டும், அதனால் அவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு அண்ணன் காரைக்குடியில் இருக்கிறார் என்று பள்ளியில் வேன் ஓட்டுகிறவர் சொன்னார். நோட்டை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "இப்படி எழுதிக்கிட்டு வந்தா எங்களுக்கு வேலை பாதி, டீச்சர். நாளைக்குக் காலையில வண்டியக் குளிர்ந்தபடியே கொண்டாங்க, வரும்போதே சூடாக்கிராதீங்க" என்றார். வீடு புதுவயல் பக்கம் என்பதால் முந்தின இரவே அவர் பட்டறையில் விட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்து, கழுத்துக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் நுனியில் செங்கல் நிறச் சேறும் அதில் வெள்ளைச் செதிலும். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் காட்டிவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டார். மூடி திறந்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டர் காற்று குமிழ் குமிழாக அங்கே வந்துகொண்டே இருக்கும். வரவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் நுரை இல்லை. சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை. அதோடு விடாமல், நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை உறிஞ்சிப் பார்த்தார். கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். நீலமாகவே இருந்தது. "ஹெட்ட யாரும் தொட வேண்டாம்" என்றார். 25,000 ரூபாய்க்கான பதில் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

பிறகு இன்ஜின் சூடேறியதும் துப்பாக்கி மாதிரி இருக்கிற வெப்பமானியால் ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து ஓரம் ஓரமாக அளந்தார். தண்ணீர் நுழைகிற பக்கம் 90. போகப் போகச் சீராகக் குறைய வேண்டும். ஆனால் கீழ்ப்பாதியில் ஒரு சாண் உயரத்துக்கு எங்கே வைத்தாலும் 55, 52. அந்தக் குழாய்களுக்குள் சூடான தண்ணீர் போகவே இல்லை. கீழ் ஹோஸில் உள்ளே ஸ்பிரிங் இருந்தது, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒட்டவில்லை. பம்ப்பிலும் கசிவு, ஆட்டம் எதுவும் இல்லை.

முன் பம்பரைக் கழற்றி, கண்டன்ஸரை ஒரு நாலு விரல்கடை முன்னால் இழுத்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு மெத்தை. நெல் உமி, வைக்கோல் துணுக்கு, எள்ளுச் சருகு, தட்டான் இறக்கை, இடையிடையே மண். எல்லாம் மழையில் நனைந்து, சூட்டில் காய்ந்து, மறுபடி நனைந்து கம்பளி மாதிரி ஒட்டிப் பிடித்திருந்தது. அண்ணன் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தார். தேன்கூட்டு அடை மாதிரி ரேடியேட்டர் இறக்கைகளின் அச்சோடு அப்படியே பெயர்ந்து வந்தது. ஒரு முறம் நிறைய இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்ஸர் மட்டும்தான் தெரியும், அது பளிச்சென்று இருந்தது. வாட்டர் சர்வீஸ் பண்ணுகிற கடையில் மாதா மாதம் கழுவியும் இது யார் கண்ணுக்கும் படவில்லை.

எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. புதுவயல் முழுக்க அரிசி ஆலைகள். நெல் லாரியும் உமி லாரியும் தினம் எனக்கு முன்னால் போகும். தை, மாசியில் ஊருக்கு ஊர் ரோடுதான் களம். எள்ளோ உளுந்தோ செடியோடு பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறிப் போனால் அடித்த மாதிரி ஆகிவிடும். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, அது அவர்களுடைய வருடத்து உழைப்பு. ஆனால் அந்தப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த இடைவெளியைத் திறந்து பார்க்க வேண்டும். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய் வேகத்தில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நேராக வைத்து அடித்தால் காகிதம் போல இருக்கிற இறக்கைகள் மடிந்து, காற்று வழி இன்னும் அடைந்துவிடும்.

அன்றைக்கே ரேடியேட்டரையும் மாற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "வேண்டாம், இத மட்டும் சுத்தம் பண்ணிட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாத்து எழுதிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மேல் மதிப்பு கூடியது. அதே பாதை, அதே 95, அதே ஏ.சி. இந்த முறை உச்சம் 102. ஆறு டிகிரி இறங்கியிருந்தது. உமி குற்றவாளிதான், ஆனால் தனியாகச் செய்யவில்லை.

புது ரேடியேட்டர் 4,600 ரூபாய். பழையதை ஆசிட் ஊற்றிக் கழுவ முடியாதா என்றதற்கு மறுத்துவிட்டார். முன்பு செம்பும் பித்தளையுமாக இருந்த ரேடியேட்டர்களைத் திறந்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குடைந்து, மறுபடி ஈயம் வைத்துக் கொடுப்பார்களாம். இப்போது வருவது மெல்லிய அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி. ஆசிட் உப்பைக் கரைக்கும்போதே அலுமினியத்தையும் தின்னும், பெயர்ந்த செதில் போய் ஹீட்டரை அடைக்கும். சரி என்று சொல்லிவிட்டு, பழையதை எனக்காகத் திறந்து காட்டச் சொன்னேன். பிளாஸ்டிக் தொட்டியை நெம்பி எடுத்தார். தட்டையான குழாய்களின் வாய் வரிசையாகத் தெரிந்தது. எண்ணினேன். 42 குழாயில் 19ன் வாய் வெள்ளையாக அடைந்திருந்தது. ஒரு ஈர்க்குச்சி நுழையவில்லை.

அந்த வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் மடித்துப் பள்ளிக்குக் கொண்டு போனேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் சோதனைக் குழாயில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாலு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டதும் பால் போல மாறியது. கார்பனேட். வருடா வருடம் நான் நடத்துகிற பாடம்தான். கடின நீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படியும். எங்கே அதிகச் சூடோ அங்கே அதிகமாக ஒட்டும். இன்ஜினுக்குள் ஹெட்டைச் சுற்றித்தான் முதலில் படியும். அங்கிருந்து பெயர்ந்து ரேடியேட்டரின் குறுகலான குழாய்களில் வந்து சிக்கும். அது வெப்பத்தைக் கடத்துகிற திறன் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. எங்கள் வீட்டு போர் தண்ணீரை, ஆர்.ஓ. மாட்ட வந்தவர் அளந்தபோது டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 1,200க்கு மேல் காட்டியது. அந்தத் தண்ணீரைத்தான் மூன்று வருடமாக ஊற்றியிருக்கிறேன்.

ஏன் ஊற்றினேன்? குறைந்துகொண்டே இருந்தது, அதனால் ஊற்றினேன். ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. அதற்கான விடை அண்ணன் கடைசியாகச் சோதித்த ரேடியேட்டர் மூடியில் இருந்தது. கைப்பம்ப்பில் மாட்டி அழுத்தினார். 1.1 பார் பிடிக்க வேண்டிய மூடி 0.5லேயே விட்டுவிட்டது. ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அந்த மூடிக்குள் இரண்டு வால்வு. சூட்டில் பெருத்த தண்ணீரை ஒன்று பக்கத்து டப்பாவுக்கு விடும், ஆறும்போது மற்றது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சும். அழுத்தம் நிற்காததால் ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் தண்ணீர் சீக்கிரமே கொதித்து டப்பா வழியாக வெளியே போனது. ஆறும்போது வெடித்த ரப்பர் வழியாகத் தண்ணீருக்குப் பதில் காற்று உள்ளே வந்தது. நான் காலையில் திறந்து பார்த்து, குறைகிறதே என்று ஒரு செம்பு போர் தண்ணீரை ஊற்றினேன். கம்பெனியில் ஊற்றிய கூலன்ட் என்கிற குளிர்விக்கும் திரவம் இப்படியே நீர்த்துப்போனது. துருவைத் தடுக்கிற மருந்தும் அதோடு போயிற்று. 250 ரூபாய் மூடி.

நமக்குக் குளிரே இல்லை, கூலன்ட் எதற்கு என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். உறையாமல் இருப்பதற்கு மட்டும் அது இல்லை. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்தால், அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி வரை கொதிக்காது, நல்ல மூடி இருந்தால் 125ஐத் தாண்டும். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் ஒரு படி மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் ஒரு கரைசலும் சேர்ந்தால் அது மின்கலம், அதில் கரைந்துபோவது அலுமினியம். இந்த அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் காரைக்குடியிலேயே இருக்கிறது. நாங்கள் சிக்ரி என்போம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டியது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அரிப்பைப் பற்றி விளக்கியிருக்கிறேன். திரும்பி வந்து அதே காருக்கு போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதை நினைக்கும்போது மனது உறுத்துகிறது.

இன்ஜினுக்குள்ளிருந்து கலங்கல் வருவது நிற்கும்வரை தண்ணீர் விட்டுக் கழுவி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, கலந்தே வருகிற கூலன்ட்டை ஊற்றினார். முன்சக்கரத்தைச் சரிவில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, மூடி போடாமல் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டார். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறி மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தார். இதை அவசரப்பட்டு முடித்தால் ஏர் லாக் நின்று, புது ரேடியேட்டரோடும் வண்டி கொதிக்கும்.

அறுத்தெடுத்த ரேடியேட்டர் துண்டை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 78 வயது, பார்வை கொஞ்சம் மங்கல். கட்டைவிரலால் குழாய் வாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

ஆச்சி வீட்டு வளவில் மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுக் கூரைத் தண்ணீரும் தகரக் கூம்பு வழியாக நடுவாசலில் கொட்டும். முதல் மழையை ஓடவிட்டுவிட்டு, அடுத்த மழைக்கு அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் வடிகட்டியது அடுப்படிக்குப் போகும். அதில் இரண்டு தகர டின் அப்பாவுக்கு, வீட்டு அம்பாசடருக்காக. ஆச்சியே கணக்காக எடுத்துவைத்துக் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். மழை இல்லாத மாதத்தில் ஊரணித் தண்ணீர். கிணற்றிலிருந்து எடுத்து ஊற்ற அப்பா ஒரு நாளும் துணிந்ததில்லை.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும், அது கடின நீர்னு?" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. அந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. அடுப்படியில ஆச்சி சொல்லுவாக. பருப்பு வேகாத தண்ணிய இன்ஜினுக்கு ஊத்துவாங்களா?"

இந்த வருடம் அதே கத்திரியில், போன தடவையைவிட ஒருவர் அதிகமாக, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனோம். முன்சீட்டில் அவர் மடியில்தான் என் போன் இருந்தது. எண்ணை வாசித்துக்கொண்டே வந்தார். திருச்சி தாண்டி 93. பாடாலூரில் 95. சிறுவாச்சூரில் 94, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்கி வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். டப்பாவில் கூலன்ட் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் நான் போட்டிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். பச்சைத் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. "சூட்டுல அவ்வளவு ஏறத்தான் செய்யும்" என்றார். மறுநாள் காலை சென்னையில் நான் எழுந்திருப்பதற்கு முன்பே கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோட்டிலேயே நின்றதாம்.